பக்கம் தாண்டாத அட்டவணை

ஜோசபினுக்குப் பொய் சொல்ல வராது என்று அந்த அலுவலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே அவளைக் கெடுத்தார்கள் என்பேன் நான். ஒருத்தியை ஊர்கூடி நல்லவள் என்று தலையில் தூக்கி வைத்துவிட்டால், அவள் வாயிலிருந்து வருவதையெல்லாம் வேதவாக்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவள் சொன்னதும் ஊரை அடித்து உலையில் போடுகிற பொய்யில்லை. ஒரு சாப்ட்வேர் வேலை செய்தது என்று சொன்னாள். அது வேலை செய்யவில்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் ஒரு மனுஷனுடைய பேர் போயிற்று.

ஜோசபின் பிறந்தது செம்பவாங்கில். அப்பா வெள்ளைக்காரனின் கப்பற்படைத் தளத்தில் பெயிண்டர். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனதும், மூத்த பெண்ணான இவள் டைப்பிங் கற்றுக்கொண்டு ஓர் அரசாங்க வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரியத்தின் பேர் நமக்கு வேண்டாம். ஊரில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள், எந்த வயசுக்காரர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணி, வருஷத்துக்கு ஒரு தடிப் புத்தகம் போடுகிற இடம். நானூறு பக்கத்துக்குக் குறையாது. அதில் படிக்கிற மாதிரி எழுத்து கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அட்டவணை.

அட்டவணை அடிப்பதில் ஜோசபினை மிஞ்ச ஆள் கிடையாது. எண்கள் ஒன்றின் கீழ் ஒன்று மயிரிழை பிசகாமல் நிற்கும். சில அட்டவணை ஒரு பக்கத்தில் முடியாது, பத்துப் பக்கம் ஓடும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பை மறுபடி அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து மூச்சு விடுகிற நேரத்தில் பொருளாதாரம் படித்த மகராசன் ஒருவர் வந்து நிற்பார். "ஜோசபின், நடுவுல ஒரே ஒரு வரி சேர்க்கணும்" என்பார். ஒரே ஒரு வரியாம்! அவர் வாயால் சேர்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு உள்ள பக்கமெல்லாம் ஒரு வரி கீழே இறங்கும். அத்தனையையும் மறுபடி அடிக்க வேண்டும். கல்யாணம் ஆகி, ஆங் மோ கியோவில் வீடு வாங்கி, பிரசுரப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆன பிறகும் நீள அட்டவணையை மட்டும் அவள் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

எண்பத்தேழில் வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று கிடந்த காலம். புத்தகத்தை இனிமேல் டைப் அடித்து ஒட்ட வேண்டாம், பக்கம் அமைக்கிற சாப்ட்வேர் ஒன்று வாங்கிப் போடுவோம் என்று மேலதிகாரி மிஸ்டர் சியா முடிவெடுத்தார். எதை வாங்குவது என்று சோதித்துச் சொல்ல இரண்டு பேரைப் போட்டார். ஒருத்தி ஜோசபின். இன்னொருவர் கம்ப்யூட்டர் பிரிவு நெய்னா முகம்மது.

நெய்னாவுக்கு வாய் பெரிய வாய். கேன்டீனில் அவர் சிரித்தால் மேல் மாடிக்குக் கேட்கும். யாரையும் கிண்டல் பண்ணாமல் அவருக்கு டீ இறங்காது. "அடுத்த வருஷம் பிரிவுக்குத் தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? இதோ இங்க உக்காந்து பராட்டா சாப்பிடறானே, இவன்தான்" என்று தன்னையே காட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, வேலையில் மனுஷன் சுத்தம். அவர் கை வைத்த வேலை பாதியில் நின்றது என்று யாரும் சொன்னதில்லை.

சோதனைக்கு வந்தவை இரண்டு. முதலாவதில் பக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. திரையில் வெறும் எழுத்துத்தான். இங்கே அட்டவணை ஆரம்பிக்கிறது, இது தலைப்பு, இது அடிக்குறிப்பு என்று குறி போட்டுப் போட்டு எழுத வேண்டும். ஒரு குறி விட்டுப்போனால் தப்பு, தப்பு என்று திரை முழுக்கத் திட்டு வரும். தாள் வெளியே வரும்போதுதான் பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியும். பார்க்க லட்சணம் இல்லாத சாமான். நெய்னாவுக்கு அதுதான் பிடித்தது. நானூறு பக்கத்தையும் அதுவே எண்ணும், அட்டவணை பக்கம் தாண்டினால் தலைப்பை அதுவே மறுபடி போடும், நடுவில் ஒரு வரி சேர்த்தால் மற்றதைத் தானே தள்ளிவிடும் என்றார்.

இரண்டாவது வேறு ரகம். பக்கம் அப்படியே திரையில் வந்து நிற்கும். மௌஸைப் பிடித்து இழுத்தால் கட்டம் கூடவே வரும். எழுத்தைப் பெரிதாக்கலாம், கோடு போடலாம், படம் வைக்கலாம். பதினைந்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தாளில் அடித்தவளுக்கு, பக்கம் கண்முன்னே உருவாவதைப் பார்த்ததும் அடேயப்பா என்றிருந்தது. அவள் உட்கார்ந்து ஆசையாக ஒரு தலைப்பை நகர்த்திக்கொண்டிருந்தபோது நெய்னா பின்னால் வந்து நின்றார்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோராத்தான் இருக்கு ஜோசபின். நானூறு பேருக்குச் சோறாக்கச் சொல்லிப் பாருங்க, உக்காந்து அழுதுடும் லா."

சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜோசபினும் சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த இரண்டாவது சாப்ட்வேரை விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேனாக இருந்தவன் சவரிராஜ். கம்பெனி சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். சவரிராஜ் ஜோசபினின் கோயிலைச் சேர்ந்தவன். அவனுடைய மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் இவள்தான். வேதக்காரர் வீட்டில் இது லேசுப்பட்ட உறவில்லை. கூடப் பிறந்தவன் கேட்டால்கூட முடியாது என்று சொல்லிவிடலாம். ஞானப்பிள்ளையின் தகப்பன் கேட்டால் அப்படிச் சொல்ல நாக்கு எழாது. சவரிராஜ் கெட்டிக்காரன். எதையும் வாய் திறந்து கேட்கவில்லை.

அவன் செய்தது ஒரு உதவி. செப்டம்பரில் மாதா திருவிழா. வருஷா வருஷம் கோயில் சார்பில் ஒரு மலர் போடுவார்கள். அதைத் தொகுப்பது ஜோசபினின் வேலை. "அக்கா, இந்த வருஷம் எங்க ஆபீசுக்கு வாங்க. நம்ம மெஷின்லயே போட்டுடலாம். உங்களுக்கும் பழக்கம் ஆகும்" என்றான். தமிழ்ப் பக்கங்களை வழக்கம்போல அச்சகத்தில் கோத்தார்கள். இங்கிலீஷ் பக்கங்களை ஜோசபின் சவரிராஜ் ஆபீசில் உட்கார்ந்து அவன் சாப்ட்வேரில் அமைத்தாள். பங்குச் சாமியின் வாழ்த்துரை, பாடகர் குழுப் படம், தேர் வருகிற தெருக்களின் வரைபடம். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது.

திருவிழாப் பூசையில் சாமி பிரசங்க மேடையிலிருந்தே அவள் பேரைச் சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜோசபின் மிதந்தாள். பதினைந்து வருஷமாக அவள் அடித்த புத்தகங்களை யாராவது கோயில் வாசலில் புரட்டிப் பார்த்ததுண்டா? வேலையில்லாதவர் எண்ணிக்கையை யார் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள்? அன்றைக்கே அவள் மனசில் சாப்ட்வேர் தேர்வு முடிந்துவிட்டது. நானூறு பக்கப் புள்ளிவிவரப் புத்தகத்துக்கு வேண்டிய சாமானைத் திருவிழா மலரை வைத்து முடிவு செய்தாள் பாருங்கள், இந்தக் கூத்து வேறெங்காவது நடக்குமா?

சோதனையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்க எண், வேகம், அச்சு எந்திரம் எல்லாம் நெய்னா. அட்டவணை ஜோசபின். "டேபிள் விஷயத்துல நீங்க பாத்தா போதும், நான் பாக்கத் தேவையில்ல" என்று நெய்னாவே சொன்னார். பதினோரு பக்கம் ஓடுகிற ஒரு அட்டவணையையும் எடுத்துக் கொடுத்தார். தொழில் வாரியாக, வயசு வாரியாக, ஆண் பெண் பிரித்து எல்லாரையும் எண்ணிய அட்டவணை. "இத மட்டும் ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்க. இது ஓடுச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

எல்லாரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் ஜோசபின் ஓட்டிப் பார்த்தாள். நெய்னாவின் சாப்ட்வேரில் குறி போட்டு முடிப்பதற்குள் கழுத்து வலித்தது. ஆனால் பதினோரு பக்கமும் தலைப்போடு ஒழுங்காக வந்து விழுந்தது. பிறகு சவரிராஜின் சாப்ட்வேர். கட்டத்தை வரைந்து எண்களை உள்ளே விட்டாள். முதல் பக்கம் அழகாக நின்றது. இரண்டாவது பக்கம் வரவில்லை. அட்டவணை பக்கத்தைத் தாண்ட மாட்டேன் என்றது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கட்டம் வரைந்து, அட்டவணையைக் கையாலேயே துண்டு போட்டு, தலைப்பை மறுபடி அடித்து வைத்தாள். பிறகு சோதனைக்காக நடுவில் ஒரு வரி சேர்த்தாள். எல்லாத் துண்டும் கலைந்து போயிற்று.

இது புதுச் சாமானே இல்லை. பழைய சீக்குத்தான், பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சவரிராஜுக்குப் போன் போட்டாள்.

"அது ஒண்ணுமில்லக்கா. அடுத்த வெர்ஷன்ல வந்துடும். கம்பெனிக்காரன் சொல்லிட்டான்."

"எப்ப வரும் சவரி?"

"சீக்கிரமே வந்துடும்க்கா. நீங்க கவலைப்படாதீங்க. ஒரு அரசாங்க ஆபீஸ் வாங்கிட்டா எனக்கு அது போதும்." கொஞ்சம் நிறுத்தி, "மூத்தவ உங்களக் கேட்டுக்கிட்டே இருக்கா. எப்ப வீட்டுக்கு வர்றீங்க?" என்றான்.

ஜோசபின் போனை வைத்தாள். வரும் என்று நம்பினாள் என்று சொன்னால் அது அவளுக்காக நான் சொல்கிற பொய். வரும் என்று நம்ப ஆசைப்பட்டாள். மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் துண்டு துண்டாக வந்த தாள்களைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

அடுத்த வாரம் மிஸ்டர் சியா அறையில் கூட்டம். நெய்னா தன் சாப்ட்வேருக்காக வாய் கிழியப் பேசினார். ஜோசபின் திருவிழா மலரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். சியா புரட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அழகாக இருக்கிறதே, நம் புத்தகமும் இப்படி வந்தால் அமைச்சகத்தில் பேசுவார்களே என்றார். பிறகு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நீள அட்டவணை ஓடியதா?

நெய்னா ஜோசபின் பக்கம் திரும்பினார். அதுவரை சத்தம் போட்டவர் அவள் பதிலுக்காக அமைதியாகக் காத்திருந்தார்.

"ஓடுச்சு சார்" என்றாள்.

நெய்னா ஒரு நிமிஷம் தாடையைத் தடவினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். "அப்ப சரி. ஜோசபின் ஓடுச்சுன்னு சொன்னா ஓடுச்சு. நான் வாபஸ்." சியாவிடம் தானும் சம்மதிப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும், "ஜெயிச்சிட்டீங்க. டீ வாங்கிக் குடுங்க" என்று சிரித்தார். அவ்வளவு சண்டை போட்டவர் தோற்றதும் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அவர் முறைத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேன்டீனில் அவருக்கு டீயை வாங்கி வைத்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே வேலை ஆரம்பித்தது. அடுத்த வெர்ஷன் வரவில்லை. முன்னுரை, படங்கள், சின்ன அட்டவணை எல்லாம் சிங்காரமாக வந்தன. நீள அட்டவணைகள் வந்ததும் பிரிவே திண்டாடியது. பெண்கள் துண்டு போட்டார்கள், ஒட்டினார்கள், மறுபடி துண்டு போட்டார்கள். பொருளாதார மகராசன் ஒரே ஒரு வரி சேர்க்க வந்தபோது ஒரு பெண் அவர் எதிரிலேயே அழுதுவிட்டாள். கெடு தாண்டிப்போய், மார்ச்சில் ஒருவழியாகப் புத்தகம் அச்சாகி வெளியே வந்தது. வந்த கையோடு ஒரு பத்திரிகையிலிருந்து போன். ஓர் அட்டவணையில் அடுத்தடுத்த இரண்டு பக்கத்துக்குத் தலைப்பு மாறி விழுந்திருக்கிறது. ஆண்களின் எண் பெண்கள் தலைப்பின் கீழ். பெண்களின் எண் ஆண்கள் தலைப்பின் கீழ். எல்லாப் புத்தகத்திலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று.

சியா கதவைச் சாத்திக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார். மனுஷன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இந்த சாப்ட்வேரால் நீள அட்டவணை முடியாது என்று இப்போதுதான் தெரிகிறதா, யார் சோதித்தது என்று கேட்டார்.

ஜோசபின் யோசித்தாள். சவரிராஜ் இவள் ஞானப்பிள்ளையின் தகப்பன் என்பது வெளியே வரும். சூப்பர்வைசர் வேலை போகும். கோயிலில் தலைகாட்ட முடியாது. இதெல்லாம் ஒரு நொடியில் அவள் கண் முன்னால் ஓடியது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"டெக்னிக்கல் பொறுப்பு என்னோடது சார்" என்றார் நெய்னா. "ஜோசபின் சின்ன சாம்பிள்ல பாத்திருப்பாங்க. முழுசா ஓட்டிப் பாக்க வேண்டியது நான். பாக்காம விட்டுட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவுக்கு வேறு ஒருவர் தலைவரானார். நெய்னாவைப் பிரசுரப் பிரிவுக்கு மாற்றினார்கள். இந்தச் சீரழிவைச் சரி பண்ணும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று. ஜோசபின் மேசைக்கு நேர் எதிர் மேசை. முதல் நாள் டப்பாவில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "மன்னிச்சிடுங்க ஜோசபின். என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. நான் ஒரு தடவ பாத்திருக்கணும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பாவது! அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் புருஷன் லாசரஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல் பட்டறையில் வெல்டர் அவன். கேட்டுவிட்டு, "அவரே பொறுப்பு ஏத்துக்கிட்டாருல்ல? விடு. சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத" என்றான். அவள் விட்டுவிடத்தான் பார்த்தாள். எதிர் மேசையில் மனுஷன் உட்கார்ந்திருக்கும்போது எப்படி விடுவது?

நெய்னா மாறிக்கொண்டிருந்தார். கேன்டீனில் அவர் சத்தம் கேட்பதில்லை. ஒரு வரி எழுதினால் திரும்பத் திரும்பப் படித்தார். முன்பெல்லாம் மனக்கணக்காகச் சொல்கிறதைக்கூட கால்குலேட்டரில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். யாராவது சந்தேகம் கேட்டால், "எதுக்கும் வேற யாரையாச்சும் கேட்டுக்கங்க" என்றார். ஜோசபின் இதையெல்லாம் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பஸ்ஸில் நினைப்பாள். சாயங்காலம் சொல்லாமல் திரும்பி வருவாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

புனித வாரத்தில் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொன்னாள். சாமி பொறுமையாகக் கேட்டார். "கடவுள் மன்னிப்பார். அபராதமா அருள் நிறைந்த மரியே மூணு தடவ சொல்லு" என்றார். பிறகு, "அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி."

"அங்க போகாம இங்க வந்து என்ன பிரயோஜனம்?"

மரியே மந்திரத்தை மூன்று தடவைக்குப் பதில் முப்பது தடவை சொன்னாள். நெய்னாவிடம் சொல்லவில்லை.

மே மாதம் நோன்புப் பெருநாள். வருஷா வருஷம் அலுவலகத்துக்காரர்கள் கூட்டமாக நெய்னா வீட்டுக்குப் போவது வழக்கம். இந்த வருஷம் உட்லண்ட்ஸ் தூரம் என்று பலர் நழுவிவிட்டார்கள். பதவி போனவன் வீடு எப்போதுமே தூரம்தான். ஜோசபின் லாசரஸை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். இங்கே பெருநாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது, தமிழ் முஸ்லிம்களும் சொல்வார்கள், போகிறவர்களும் சொல்வார்கள். கையைப் பிடித்துக்கொண்டு "மாஃப் ஸாஹிர் பாத்தின்" என்பது. வெளியே செய்ததும் உள்ளே நினைத்ததும், எல்லாவற்றையும் மன்னித்துவிடுங்கள் என்று பொருள். என்ன செய்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொல்கிறவர்களும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவளுக்கு வசதியாகப் பட்டது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்ட மாதிரியும் ஆகும், எதற்கென்று சொல்லாத மாதிரியும் ஆகும்.

கதவைத் திறந்தது நெய்னாவின் மனைவி மைமூன். "வாங்கக்கா, நீங்களாச்சும் வந்தீங்களே!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நெய்னா புதுச் சட்டையில் எழுந்து வந்தார். ஜோசபின் அவர் முன்னால் நின்று அந்த மலாய்ச் சொல்லைச் சொன்னாள்.

"அட, மாஃப், மாஃப்! எல்லாம் மாஃப்" என்று நெய்னா சிரித்தார். "உக்காருங்க. மைமூன், பிரியாணி கொண்டா."

கேட்டது கிடைத்துவிட்டது. ஒரே நொடியில். ஜோசபின் உட்கார்ந்து பிரியாணியைப் பிசைந்தாள். மைமூன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "இவரு முன்ன மாதிரி இல்லக்கா. ஆபீஸ்ல நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும். எதையும் நம்ப மாட்டேங்கிறாரு. கேஸை அணைச்சியான்னு மூணு வாட்டி கேக்குறாரு. எனக்குப் புத்தி மங்கிடுச்சு மைமூன், டாக்டர்ட்ட போகலாமான்னு கேக்குறாரு. நாப்பத்தி ரெண்டு வயசுல புத்தி மங்குமா? நீங்களே சொல்லுங்க."

ஜோசபின் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றாள். நெய்னா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பதினோரு பக்க டேபிள நான் ஓட்டிப் பாத்தேன். அது ஓடல. ஓடலன்னு தெரிஞ்சுதான் ஓடுச்சுன்னு சொன்னேன். விக்கிறவன் எங்க கோயில் ஆளு. அவன் புள்ளைக்கு நான் ஞானத்தாய். நீங்க கிண்டல் பண்ணதுலயும் எனக்குக் கோவம். நீங்க எதையும் பாக்காம விடல. நான்தான் உங்களப் பாக்க விடல."

மைமூன் கையில் தட்டோடு அப்படியே நின்றாள். நெய்னா எழுந்துபோய் டிவியை அணைத்தார். திரும்பி வந்து உட்காரவில்லை. சத்தம் போடுவார் என்று ஜோசபின் எதிர்பார்த்தாள். போடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"ரெண்டு மாசமா உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன் ஜோசபின். நான் ஒண்ணு ஒண்ணா உடைஞ்சு போறத நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்க. ஒரு நாள்கூடவா சொல்லணும்னு தோணல?"

தோணல என்று சொல்லியிருந்தால் அவருக்கு வலி குறைந்திருக்குமோ என்னவோ. அதற்கு மேல் பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"தினமும் தோணிச்சு பாய்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "வாசல்ல மாஃப்னு சொல்லிட்டேன். பெருநாளும் அதுவுமா சொன்னத திருப்பி வாங்க மாட்டேன். ஆனா திங்கக்கிழமை சியாகிட்ட நீங்களே சொல்லணும்" என்றார்.

"சொல்றேன்."

மைமூன் கதவை மட்டும் திறந்து விட்டாள்.

திங்கட்கிழமை ஜோசபின் சொன்னாள். சூப்பர்வைசர் பதவி போயிற்று. சவரிராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கண்டால் மகளைக் கையைப் பிடித்து வேறு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாரியம் நெய்னாவின் சாப்ட்வேரையே வாங்கியது. நெய்னாவுக்குத் தலைமைப் பதவி வரவில்லை, அதில் வேறொருவர் உட்கார்ந்து பழகிவிட்டார். ஆனால் பிரசுரப் பிரிவு முழுக்க அவர் கைக்கு வந்தது. கேன்டீனில் மறுபடி சிரித்தார். எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்கிற வழக்கம் அவரை விட்டுப் போயிற்று.

ஜோசபின் கொடுக்கிற அட்டவணைகளை மட்டும் தட்டிப் பார்ப்பார். அவளைத் திட்ட மாட்டார், கிண்டலும் பண்ண மாட்டார். "தேங்க்ஸ் ஜோசபின்" என்று வாங்கிக்கொண்டு, கால்குலேட்டரை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கூட்டிப் பார்ப்பார். அவள் எதிர் மேசையில் உட்கார்ந்து அவர் முடிக்கும் வரை காத்திருப்பாள். அதில் ஒரு எண்கூட ஒரு நாளும் தப்பாக இருந்ததில்லை.